ஆரையும் கொல்லாத பிஸ்டல்

"மச்சான், இதில எதை எடுப்பம்?" என்று ஞானேந்திரன் கேட்டான். குரல் பாதிதான் வெளியே வந்தது.

கண்ணாடிப் பெட்டியின்மேல் பச்சைத் துணி விரித்து, கடைக்காரக் கிழவர் மூன்று பிஸ்டல்களை வரிசையாக வைத்திருந்தார். மூன்றும் சின்னச் சாமான்கள். முதலாவது பாக்குவெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இரண்டாவது உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்றாவது சற்றுத் தடிப்பம். ஞானேந்திரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல் நின்று பார்த்தான்.

கூட வந்தவன் சிவானந்தம். இருவரும் ஒரே அறையில் படுக்கிறவர்கள். சிவானந்தத்துக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. உண்மையிலேயே தெரியாத விஷயம் வந்தால் இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்தப் பாக்குவெட்டி பொயின்ற் டூ டூ. காகம் கலைக்கச் சரி," என்றான் சிவானந்தம். "நடுவில இருக்கிறது பொயின்ற் டூ ஃபைவ். ஊரில எண்டா நல்ல சாமான். ஆனா இஞ்சத்தைக் கள்ளன் அஞ்சு உடுப்புப் போட்டிருப்பான். சுட்ட ரவை மூண்டாவது உடுப்போட களைச்சுப்போம். இந்தக் கடைசிதான் ஆள். பொயின்ற் த்ரீ டூ. பட்டுதெண்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதெண்டா?"

"செத்துப்போவான்."

"ஐயோ, அது வேண்டாம்."

"சரி, காலில சுடு. காயத்தோட போகட்டும்."

"காயமும் வேண்டாம் மச்சான். அவனுக்கும் ஒரு தாய் தகப்பன் இருப்பினமெல்லோ?"

சிவானந்தம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப உனக்கு என்ன பிஸ்டல்தான் வேணும்?"

ஞானேந்திரன் இதை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தான். "பாரமில்லாமல் இருக்கவேணும். நாளாந்தம் கொண்டு திரிய ஏலவேணும். வெளியால தெரியப்படாது. சத்தம் மட்டும் பெரிசா வரவேணும். ஆரையும் கொல்லப்படாது."

மொன்றியலில் அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குச் சிவானந்தம் கொஞ்சக்காலம் போனவன். ஆகையால் இந்த விண்ணப்பத்தை அவனே கிழவரிடம் பிரெஞ்சில் சமர்ப்பித்தான். சொல் கிடைக்காத இடங்களில் கையால் சொன்னான். "டும்" என்பதை வாயால் சொன்னான். கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று பிஸ்டல்களையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இவை வாங்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வீட்டில் பூட்டி வைக்கலாம், சுட்டுப் பழகுகிற இடத்துக்குக் கொண்டுபோகலாம். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தெருவில் திரிய முடியாது.

"பொலிஸ்" என்ற சொல் கேட்டதும் ஞானேந்திரன் வாசலைப் பார்த்தான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வழக்கு வருவதற்கு முன் துவக்கோடு பிடிபட்டால் அடுத்த விமானத்தில் கொழும்புதான்.

கிழவருக்கு அவன் முகத்தைப் பார்க்க என்னவோ போலிருந்திருக்கும். குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பிஸ்டலை எடுத்து வைத்தார். குழாய் அடைபட்டது. ரவை போகாது. சத்தமும் புகையும் மட்டும் வரும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் தொடங்க மாஸ்டர்மார் வானத்தைப் பார்த்து வெடிக்க வைப்பார்களே, அது.

"இதுதான்! நான் கேட்டது இதைத்தான்!" என்றான் ஞானேந்திரன். அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கை நீட்டி ஒன்றைத் தொட்டான்.

இவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒக்ரோபர் கடைசியில் இந்த ஊரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். உடனே பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் கும்மிருட்டு. ஞானேந்திரனும் திருகோணமலைப் பெண் றோசலினும் ஒரே தையல் ஆலையில் வேலை. அவள் மெஷினில், இவன் பெட்டி கட்டுகிற இடத்தில். ஒரே பஸ்ஸில் வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே தரிப்பில் இறங்கி, ரயில் பாலத்துக்குக் கீழால் போகிற நடைபாதையைக் கடக்க வேண்டும். கடந்தால் முதலில் வருவது றோசலினின் கட்டடம். தெருவின் மறுகரையில் ஞானேந்திரனுடையது.

அந்தப் பாலத்தடியில் யாரோ ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துவிட்டார்கள் என்று ஆலையில் கதை வந்தது. அன்று பின்னேரம் பஸ்ஸில் றோசலின் அவனிடம் கேட்டாள்:

"ஞானேந்திரன் அண்ணை, நீங்கள் உந்தப் பாலத்தடியால தனியவே போறனீங்கள்? பயமில்லையே?"

"பயமோ? எனக்கோ?" என்று அவன் சிரித்தான். பஸ் கம்பியைப் பிடித்திருந்த கை அவனை அறியாமலே இறுகியது. "நீங்கள் யோசியாதேங்கோ. இனி ஒவ்வொரு நாளும் நானே உங்களைக் கொண்டுபோய் விடுறன்."

அவள் அவனுடைய முகத்தையும் கையையும் கொஞ்சநேரம் பார்த்தாள். "ஓம் அண்ணை. அது எனக்குப் பெரிய உதவி," என்றாள்.

அந்த 'அண்ணை' மட்டும் இல்லாதிருந்தால் அது அவன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள். அவனுக்கு அவளில் அவ்வளவு விருப்பம். அவள் சிரித்தால் அவன் பெட்டியைத் தலைகீழாகக் கட்டிவிடுவான். முப்பத்துநான்கு வயதில், சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லாத ஊரில், அந்தப் பத்து நிமிட நடைக்காகத்தான் அவன் காலையில் எழும்பினான். ஆனால் சோற்றில் கல் கடிபடுவதுபோல ஒவ்வொரு வசனத்திலும் ஒரு 'அண்ணை' கடிபட்டது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஞானேந்திரன் பயந்தவன். அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவன். ஆமி வந்து துவக்கை நீட்டி அரிசி கேட்டது. இயக்கத்துப் பெடியள் வந்து துவக்கை நீட்டி, ஆமிக்கு ஏன் அரிசி கொடுத்தாய் என்று கேட்டார்கள். அதன்பிறகு வேறு பெடியள் வந்து, முதல் வந்த பெடியள் யார் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து இருட்டில் பின்னால் ஒரு காலடி கேட்டாலே அவன் ஓடத் தொடங்கிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு பெண்ணுக்குக் காவல் போவதாகச் சொல்லிவிட்டான். ஒருநாள் கள்ளன் வந்து, தான் அவளை விட்டுவிட்டு ஓடிவிட்டால்? அந்த எண்ணம்தான் அவனை அந்தக் கடைக்குக் கொண்டுபோனது.

திங்கட்கிழமை பிஸ்டலை இடுப்பில் செருகி, சேட்டு நுனியை வெளியே விட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். கண்ணாடியில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. முதலாளி பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இத்தாலிக்காரப் பெண்கள், கிரேக்கப் பெண்கள் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் நம்முடைய சனத்தின் கண் வேறு கண். வெளியே விட்ட சேட்டும், வலது பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பும், இருக்கும்போது அதைத் தடவிப் பார்க்கிற கையும் கண்டால் போதும். ஆள் யார், என்ன என்று அங்கே பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். அதைக் கண்டு ஒதுங்கத் தெரியாதவர்கள் மொன்றியல்வரை உயிரோடு வந்து சேர்ந்திருக்கமாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு மேசைக்கு ஞானேந்திரன் வந்ததும் பேச்சு நின்றது. அயன் போடுகிற பகுதியில் வேலை செய்கிற மரியதாசன், எல்லாரிலும் மூத்தவர், எழுந்து தன் கதிரையை அவனுக்கு விட்டார்.

"இருங்கோ தம்பி."

"ஐயோ அண்ணை, நீங்கள் இருங்கோ!"

"பரவாயில்லை. நான் நிண்டு சாப்பிடுறன்." அவர் குனிந்து காதோரம் கேட்டார். "தம்பி எந்த இயக்கம்?"

"அப்பிடி ஒண்டுமில்லை அண்ணை! எனக்கும் உதுகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை!"

மரியதாசன் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உண்மையான ஆட்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

பின்னேரத்துக்குள் ஆலை முழுக்கக் கதை பரவிவிட்டது. யாரோ அவனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு பேர் வந்து, ஒரே குளியலறையைப் பாவிக்கிற இரண்டு குடும்பங்களின் சண்டையைத் தீர்த்துவைக்கச் சொன்னார்கள். அவன் வாய் திறக்கு முன்னரே ஒருவரை ஒருவர் பார்த்து, "இல்லை, இல்லை, நாங்களே சமாளிப்பம்" என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். மரியதாசன் இந்தச் சங்கதியை றோசலினிடமும் சொன்னார். அவள் மட்டும் நம்பவில்லை.

"ஞானேந்திரன் அண்ணையோ? இயக்கமோ?" என்று அவள் சிரித்த சிரிப்பில் மெஷின் ஊசி முறிந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அவனுக்குக் கேட்டது. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ரோசமாகவும் இருந்தது.

இரவு சிவானந்தம் புதிய வழி சொன்னான். "இடுப்பு சரிவராது மச்சான். சப்பாத்துக்குள்ள வை. பனிச் சப்பாத்து முழங்கால் மட்டும் கிடக்குது. ஆர் பாக்கப்போறான்?"

மறுநாள் அவன் பிஸ்டலைச் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டு போனான். யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் அது கணுக்காலில் இடித்து இடித்து, அவன் நொண்டி நொண்டி நடந்தான். மத்தியானம் மரியதாசன் ஒரு சின்னப் போத்தலோடு வந்தார்.

"நோவெண்ணெய் தம்பி. ஊரில இருந்து வந்தது. குளிருக்குப் பழைய காயம் வலிக்கும்தான்."

"காயம் ஒண்டுமில்லை அண்ணை."

"சொல்லவேண்டாம். நான் கேக்கேல்லை," என்று அவர் கண்கலங்கினார். அவருடைய அனுதாபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஞானேந்திரனுக்குத் தெரியவில்லை. போத்தலை வாங்கிக்கொண்டான்.

மூன்றாவது வழியும் சிவானந்தத்தினுடையதுதான். உள்ளே பனியன், அதன்மேல் சேட்டு, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் கோட். கம்பளிக்கும் சேட்டுக்கும் நடுவில் ஒரு பை தைத்து அதற்குள் பிஸ்டலை வைத்தார்கள். இப்போது நம்முடைய சனத்தின் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த மட்டில் வெற்றிதான்.

"எங்க, ஒருக்கா எடுத்துப் பாப்பம்," என்றான் சிவானந்தம். "நான் கள்ளன். வாறன்."

கள்ளன் குசினிப் பக்கத்திலிருந்து வந்தான். ஞானேந்திரன் முதலில் கையுறையைக் கழற்றினான். கோட்டின் சிப்பு, கீழே இழுக்க இழுக்க, இடையில் இறுகியது. கள்ளன் காத்துக்கொண்டு நின்றான். சிப்பு திறந்தது. கம்பளிக்குக் கீழால் கையை விட்டால் கழுத்துத் துண்டு பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. கள்ளன் போய்த் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தான்.

"பரவாயில்லை மச்சான்," என்றான் கள்ளன். "நீ எடுக்குமட்டும் அவன் நிண்டானெண்டா குளிரிலயே செத்துப்போவான்."

இவ்வளவும்கூடப் பெரிய துன்பமில்லை. பெரிய துன்பம் பஸ் தரிப்பில் காத்திருந்தது. ஆயுதம் வைத்திருக்கிற ஒருவர் பாலத்தடியால் போகிறார் என்றால், கொஞ்சமாவது யோசிக்கிற எவரும் தனியாகப் போவார்களா? மரியதாசனும், அவர் மனைவியும், வேறு பகுதிப் பெண்கள் சிலரும் அவனுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். அவன் நின்றால் அவர்களும் நின்றார்கள். அவன் நடந்தால் நடந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. றோசலினிடம் மெல்லச் சொல்ல அவன் மனதில் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம், பின்னால் திருவிழாக்கூட்டம் வரும்போது எப்படிச் சொல்வது?

"என்னண்ணை, இண்டைக்கும் சனமாக் கிடக்குது?" என்று றோசலின் கேட்டாள்.

"குளிரெல்லோ. சனம் சேந்து நடக்குது," என்றான் அவன்.

கட்டட வாசலுக்கு வந்ததும் றோசலின் உள்ளே போய், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கை அசைப்பாள். அவன் தெருவைக் கடந்து தன் கதவைத் திறக்கும்வரை அங்கேயே நிற்பாள்.

"பாவம், நான் பத்திரமாப் போனனோ எண்டு பாக்கிறாள்போல," என்று அவன் சிவானந்தத்திடம் சொல்லி உருகுவான்.

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு மேல கூப்பிடமாட்டாளாமோ?"

"மேல ஆக்கள் இருக்கினமாம் மச்சான். மரியாதையான பெட்டை."

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால், பனி கொட்டோ கொட்டென்று கொட்டிய ஒரு பின்னேரம், அது நடந்தது. ஞானேந்திரனும் றோசலினும் முன்னால். ஊர்வலம் பின்னால். பாலத்தடியில் பாதித்தூரம் வந்திருப்பார்கள். திடீரென்று பின்னாலிருந்து, ஊர்வலத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு நெடிய வெள்ளைக்காரன் கையை நீட்டிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடிவந்தான்.

"மடாம்! மடாம்!"

ஞானேந்திரனுக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனால் அவன் ஓடவில்லை. அதை நான் அவனுக்காகச் சொல்லத்தான் வேண்டும். கையுறையைப் பல்லால் இழுத்தான், சிப்பை இழுத்தான், கம்பளிக்குள் கையைவிட்டான். விரல் எங்கேயோ மாட்டியது.

டும்!

பிஸ்டல் வெளியே வரவில்லை. உள்ளேயே வெடித்துவிட்டது. பாலத்துக்குக் கீழே அந்தச் சத்தம் பத்துமடங்காகக் கேட்டது. அவனுடைய கழுத்துப்பட்டியால் புகை வந்தது.

அடுத்த நொடியில் அங்கே நின்றுகொண்டிருந்தது அந்த வெள்ளைக்காரன் ஒருவன்தான். மரியதாசன், அவர் மனைவி, அத்தனை பெண்கள், எல்லாரும் முகம் குப்புறப் பனியில் படுத்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். இந்த ஊருக்கு வந்து புதுச் சப்பாத்துப் போட்டு, புது பாஷை படித்து என்ன? உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

ஞானேந்திரனும் கீழே கிடந்தான். அவனாக விழவில்லை. றோசலின்தான் அவனுடைய கழுத்தைப் பிடித்து அமுக்கி, அவன்மேல் விழுந்து, இரண்டு கைகளாலும் அவனுடைய தலையை மூடிக்கொண்டு கிடந்தாள்.

வெள்ளைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரையும் பார்த்தான். பிறகு குனிந்து, றோசலின் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிய சிவப்புக் கையுறையை அவளுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தான். "பார்தோன்," என்று தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான்.

சனம் ஒவ்வொருவராக எழும்பிப் பனியைத் தட்டினார்கள். முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மரியதாசனின் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். மரியதாசன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்.

றோசலின் சிரிக்கவில்லை. புகைகிற அவன் கோட்டைச் சுட்டிக் காட்டினாள்.

"அது என்ன? காட்டுங்கோ."

அவன் காட்டினான். "வெறும் சத்தம்தான் றோசலின். ஓட்டப்போட்டிக்கு வெடிக்கிறது. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது. உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டுதான்..."

"எங்கட அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தவங்களும் சேட்டுக்குள்ளதான் வச்சிருந்தவங்கள்," என்றாள் அவள். "துவக்கில்லாத இடம் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான். நாளைக்கு இது உங்களிட்ட இருந்தா நான் உங்களோட நடக்கமாட்டன்."

அன்று அவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள், ஆனால் கை அசைக்கவில்லை. ஞானேந்திரன் போய்ப் பிஸ்டலை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தான்.

"என்ன சொன்னவள்?" என்று சிவானந்தம் கேட்டான்.

"எல்லாம் போச்சு மச்சான். ஆனா ஒண்டு. வெடிச் சத்தத்தில பயந்து என்னைக் கட்டிப்பிடிச்சிட்டாள், பாவம். நான் எல்லோ அவளைப் பயப்பிடுத்திப்போட்டன்."

மறுநாள் பின்னேரம் பஸ்ஸில் அவள் முன்னால் இருந்தாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்வலத்துக்கும் நேற்றோடு அவனிலிருந்த நம்பிக்கை போய்விட்டது. அவர்கள் அவனை விட்டுவிட்டு விறுவிறென்று முன்னால் போய்விட்டார்கள். ஞானேந்திரன் பாலத்தின் வாயில் நின்றான். உள்ளே ஒரு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவன் ஒரு காலை வைத்தான். எடுத்தான். பிறகு மற்றக் காலை வைத்தான். அதையும் எடுத்தான்.

"பொக்கற்றைக் காட்டுங்கோ."

றோசலின் பின்னால் நின்றாள். அவன் ஒவ்வொரு பையாக வெளியே இழுத்துக் காட்டினான். கோட்டுப் பையிலிருந்து மூக்குத் துடைக்கிற லேஞ்சி வந்தது. களிசான் பையிலிருந்து நோவெண்ணெய்ப் போத்தல் வந்தது. கம்பளிக்கு உள்ளே தைத்த பையையும், குளிரில் நடுங்கிக்கொண்டு, திறந்து காட்டினான். கருகிய ஓட்டையைத் தவிர ஒன்றும் இல்லை.

"துவக்கில்லாட்டிலும் நான் உங்களைப் பத்திரமாக் கொண்டுபோய் விடுவன் றோசலின். சத்தியமா."

அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, திறந்துகிடந்த அவன் கோட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டாள்.

"ஓம், தெரியும். வாங்கோ ஞானேந்திரன், போவம்."

அவன் நாலு அடி நடந்தபிறகுதான் 'அண்ணை' இல்லை என்பதைக் கவனித்தான். அதன்பிறகு பாலத்தடியில் விளக்கு எரிந்ததா அணைந்ததா என்று அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை பிஸ்டலைக் கிழவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் அப்படியே போனது. இரண்டு பேரும் தனியாக நடந்தார்கள். அவன் மனதில் அடுக்கி வைத்திருந்ததில் கொஞ்சம் சொன்னான். அவள் பனியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீ சொல்லமாட்டாய். நாங்கள் முறைப்படி போய்க் கேப்பம்," என்றான் சிவானந்தம். "யோசிச்சுப் பார். உன்ர காவலை நம்பி ஒவ்வொரு நாளும் இருட்டுக்குள்ள உன்னோட வாறாள். உப்பிடி ஒரு பயந்த பெட்டையைத் தனிய விடலாமோ?"

"மாட்டனெண்டு சொன்னா?"

"சொன்னா நாளைக்கு அவள் ஆரோட அந்தப் பாலத்தைக் கடக்கிறது? அதைக் கேள்."

தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் குளித்து, வெளுத்த சேட்டுப் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேக்கும் தட்டில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கேட்கப் போகும்போது வெற்றிலை வைக்கலாமா என்பது சிவானந்தத்துக்கே தெரியவில்லை. அதனால், வைக்கக் கூடாது என்று மிகவும் உரத்துச் சொன்னான். ஞானேந்திரனுக்குக் கால் தரையில் படவில்லை. அவள் மாட்டேன் என்றால் இந்த ஊரில் தனக்கு வேறு ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

வாசலில் தபாற்பெட்டிகளைப் பார்த்து, றோசலின் முன்பு ஒருநாள் சொல்லியிருந்த இலக்கத்துக்குப் படியேறிப் போய்க் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்தவள் கனகமணி. றோசலினோடு வீட்டைப் பங்குபோட்டிருந்தவள். வீட்டிலேயே பிள்ளைகள் பார்க்கிற மனிசி என்பதால் ஞானேந்திரன் அவளை இரண்டொரு தடவைதான் கண்டிருந்தான். இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு கரண்டியுமாக நின்று, இரண்டு பேரையும் பார்த்தாள். தட்டையும் பார்த்தாள்.

"அக்கா, றோசலின் நிக்கிறாவோ?"

"றோசலின் இஞ்ச ஏன் தம்பி நிக்கிறாள்? அவள் கார்த்திகை பிறக்கவே, ஊரின்ர மற்றத் தொங்கல்ல கிடக்கிற ரொக்ஸ்பரோவுக்குத் தமக்கை வீட்டை போயிட்டாளெல்லோ."

ஞானேந்திரன் சிவானந்தத்தைப் பார்த்தான். சிவானந்தம் கதவிலிருந்த இலக்கத்தைப் பார்த்தான்.

"இல்லையக்கா," என்றான் ஞானேந்திரன், "வெள்ளிக்கிழமையும் நான்தானே அவவைப் பாலத்தடியால கூட்டிக்கொண்டு வந்து, கீழ வாசல்ல பத்திரமா விட்டிட்டுப் போனனான்."

கனகமணி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கரண்டியால் தெருப்பக்க ஜன்னலைக் காட்டிச் சிரித்தாள்.

"நீர் எங்க தம்பி அவளை விட்டனீர்? அவளெல்லோ உம்மைக் கொண்டுவந்து விட்டிட்டு, நீர் உள்ளுக்குப் போய்ச் சேருமட்டும் கீழ நிண்டு பாத்திட்டு, அந்தப் பாலத்தடியால தன்னந்தனியத் திரும்பி நடந்துபோய் ரொக்ஸ்பரோவுக்குப் பஸ் எடுக்கிறவள்!"